இரண்டாவது துளை

இன்று ஞாயிற்றுக்கிழமை. ஜன்னலோரம் பழைய செய்தித்தாளை விரித்து, உன் காலிபரை அதன்மேல் கிடத்தி, விளக்கெண்ணெய்ப் புட்டியைத் திறந்தேன். வாசனை எழுந்ததுமே காது தானாக உன் குரலுக்குக் காத்திருந்தது. "இன்னாங்க, என் காலுக்கு எண்ணெ வெச்சாச்சா? உங்க தலைக்கு எப்போ?" என்று அடுப்படியிலிருந்து கேட்பாயே! நீ போய் நான்கு மாதமாகிறது.

நேற்று உன் தம்பி வந்திருந்தான். "அக்காவே இல்ல மாமா. இத இன்னும் எதுக்குத் தொடச்சிகினு கீறீங்க? யாருக்கனா குடுத்துடலாமே" என்றான். என்னிடம் பதில் இருந்தது, சொல்லத் துணிவுதான் இல்லை. உனக்காவது எழுதிவிடுகிறேன்.

மூன்று வயதில் போலியோ வந்த உன் வலது காலை நிற்கவைத்தவை இந்தக் காலிபரின் இரண்டு இரும்புக் கம்பிகளும் தொடையைச் சுற்றும் ஒரு தோல் பட்டையும். அந்தப் பட்டை என் பொறுப்பு. வியர்வையைத் துடைப்பேன், நிழலில் காயவைப்பேன், துணியில் நான்கு சொட்டு எண்ணெய் விட்டுத் தேய்ப்பேன், ஒரு மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்தெடுப்பேன். பள்ளி அலுவலகத்தில் கோப்புகளைப் பார்த்தது போலவே வாரம் தவறாமல் செய்தேன்.

போன வருடம், உன் தம்பி மகள் நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய வாரம், "பட்டை கடிக்குதுங்க" என்றாய். தொடை சிவந்திருந்தது. எனக்கு மனம் கேட்கவில்லை. நான்கு நாள் காலையும் மாலையும் எண்ணெயைத் தாராளமாக ஊற்றித் தேய்த்தேன். தோல் மெத்தென்று ஆனதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. நிச்சயத்துக்கு முதல்நாள் பக்கிளை இறுக்கித் தர உத்திரமேரூர் பேருந்து நிலையத்துச் செருப்புத் தொழிலாளியிடம் கொண்டுபோனேன்.

"இன்னா சார், எண்ணெ வெச்சீங்களா, எண்ணெயில குளிப்பாட்டுனீங்களா? சொதசொதன்னு கீது. பாருங்க, மூணாவது ஓட்டை கிழிஞ்சிகினு வருது. வெச்சிட்டுப் போங்க, ரெண்டு நாள்ல வேற பட்டை தெச்சித் தரேன்."

"நாளைக்கே வேணுமே."

"அப்போ அம்மாவ இதக் கட்டிகினு நடக்க வாணாம்னு சொல்லுங்க."

வீட்டுக்கு வந்தேன். நீ புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாய். "இன்னா சொன்னாரு?" என்று கேட்டாய்.

"நல்லாத்தான் இருக்குதாம்" என்றேன்.

அந்த வாரம் முழுக்க நீ ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாய். "சின்ன வயசுல எல்லா விசேஷத்துக்கும் என்ன இடுப்புல தூக்கிகினு போவாங்க. இந்த நிச்சயத்துக்கு நானே நடந்து போயி தட்டு வெப்பேன்." அதைக் கெடுக்க மனமில்லாமல்தான் மறைத்தேன் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. கெடுத்தது என் எண்ணெய் என்று சொல்ல வெட்கப்பட்டேன்.

சாலவாக்கத்தில் நடந்த நிச்சயத்தில் நீயே நடந்து போய்த் தட்டு வைத்துவிட்டாய். திரும்பும்போது மண்டபப் படியில் முட்டி மடங்கி விழுந்தாய். இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவமனைக்கு வந்தவர்களிடமெல்லாம், "யாரோ தண்ணி கொட்டி வெச்சிருந்தாங்க, வழுக்கிடிச்சி" என்றாய். உன் பக்கத்தில்தான் நான் இருந்தேன். படி காய்ந்திருந்தது.

மறுநாள் உன் காலிபரை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டில் பிரித்துப் பார்த்தேன். பட்டை அறுந்திருக்கவில்லை. நீ எப்போதும் மாட்டும் மூன்றாவது துளையின் கிழிசலும் கூடவில்லை. ஆனால், நீ ஒருநாளும் மாட்டாத, அதைவிடத் தளர்ந்த இரண்டாவது துளையில் புதிதாக ஒரு மடிப்பு விழுந்திருந்தது. காலையில் கட்டும்போதே கிழிசலைப் பார்த்திருக்கிறாய். தளர்த்திக் கட்டினால் முட்டி நிற்காது என்று எனக்குச் சொல்லித் தந்தவளே நீதான். தெரிந்தே மாற்றி மாட்டிக்கொண்டு நடந்திருக்கிறாய். தட்டு வைக்க வேண்டும் என்பதற்காகவா, என் முகம் வாடக்கூடாது என்பதற்காகவா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அதன்பின் எட்டு மாதம் படுக்கையில் இருந்தாய். உன்னைத் திருப்பிப் படுக்கவைக்கும் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட நினைப்பேன். ஒருநாள் நீயே கேட்டாய். "காலிபர எங்க வெச்சிருக்கீங்க? எண்ணெ போட்டுகினு இருங்க, காஞ்சிடப் போவுது. கொஞ்சமா போடுங்க."

கொஞ்சமா. நான் சொல்லிவிடட்டும் என்று அதைவிட மெதுவாக யாரும் ஒரு கதவைத் திறந்துவிட முடியாது. நான் "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு, தண்ணீர் எடுக்கப் போய்விட்டேன்.

போன வாரம் அதே செருப்புத் தொழிலாளியிடம் புதுப் பட்டை தைக்கக் கொடுத்தேன். உனக்கு நடந்தது அவருக்குத் தெரியும். எதற்கு என்று கேட்கவில்லை. "பழசு இளகி நீண்டுபோச்சி சார், அத வெச்சி அளவு எடுக்க முடியாது" என்றார். நான் இரண்டு கைகளையும் வளைத்துச் சேர்த்து, நடுவிரல்கள் தொட ஒரு விரல் இடம் விட்டு, உன் தொடையின் அளவைக் காட்டினேன். எட்டு மாதம் தூக்கித் திருப்பிய கை. அவர் அந்த வளையத்துக்குள் நூலை ஓட்டி அளந்தார்.

"ஓட்டை எத்தினி போடறது சார்?"

"ஒண்ணு போதும்."

நூலை எடுத்த பிறகும் கைகளைப் பிரிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த அளவு இன்னும் அவற்றில் இருக்கிறது. இன்று புதுப் பட்டைக்கு நான்கு சொட்டுதான் விட்டேன்.