என் முடிச்சு என் வீட்டுக்கே வந்தது

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, என் தோள்வலி அப்படியேதான் இருக்கிறது, மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் மூன்று நாளாகக் கசந்து கிடக்கிறது. போனில் பேசினால் கத்திவிடுவேன் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

போன வாரம் வியாபாரிகள் சங்கத்தில் கூட்டம். பத்திரிகையில் பொருளாதாரப் பக்கம் எழுதுகிறவர் வந்து சின்ன வியாபாரிகளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்வார் என்றார்கள், நானும் மளிகைக் கடையை ஒரு மணி நேரம் சாத்திவிட்டுப் போனேன். அவர் சுவரில் படம் காட்டினார், ஆன்லைன் மளிகை வளர்ச்சி என்று ஒரு அம்புக்குறி கூரையை முட்டிக்கொண்டு நின்றது, மாறுங்கள் இல்லையென்றால் காணாமல் போவீர்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார், வாழ்க்கையில் ஒரு கிலோ உப்பு நிறுத்திருக்க மாட்டார் அந்த மனுஷர். எங்களுக்குக் கொடுத்த பிஸ்கட்கூட அந்த ஆன்லைன் கம்பெனிப் பையில்தான் வந்தது, நான் தொடவே இல்லை, சங்கத் தலைவர் மட்டும் இரண்டு பாக்கெட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கடைசியில் ஆளுக்கொரு காகிதம் நீட்டினார்கள், கடையை அந்தக் கம்பெனிக்குக் குடோனாக விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து வாடகை வாங்கலாமாம், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டுமாம். நீயும் போனில், குடுத்துடும்மா, எத்தனை நாளைக்குத்தான் மூட்டை தூக்குவே என்றாய். உன் பேச்சைக் கேட்டு, போட்டுவிடலாமா என்று அந்தக் காகிதத்தைத் தராசுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தேன், அதை நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலையில் அந்தக் கம்பெனிச் சாமானை வண்டியில் கொண்டுபோகிற பெண் ஒருத்தி ஹெல்மெட்டைக் கழற்றாமலே கடைக்குள் ஓடிவந்தாள். குடோன்ல பருப்பு தீந்துபோச்சுக்கா, எங்கயாவது வாங்கிக் குடுன்னு சூப்பர்வைசர் ஸ்டிக்கரை மட்டும் கையில குடுத்து அனுப்பிட்டாரு என்றாள். சரி, பாவம் என்று ஒரு கிலோ நிறுத்தேன், வழக்கம்போல ஒரு கைப்பிடி கொசுறு போட்டேன், நூலை இரண்டு சுற்றுச் சுற்றி நுனியை உள்ளே செருகி என் முடிச்சைப் போட்டேன், ஒரே இழுப்பில் அவிழுமே, சின்ன வயதில் நீ இழுத்துப் பார்த்துக் கடையெல்லாம் பருப்பைக் கொட்டி அடி வாங்கினாயே அதே முடிச்சு. என் கண் முன்னாலேயே அவள் ஸ்டிக்கரை ஒட்டினாள். எந்த இளிச்சவாயர் வீட்டுக்குப் போகிறதோ என்று பக்கத்து மருந்துக் கடைக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன்.

மத்தியானம் சாப்பிட வந்தால் நம் வீட்டு அடுப்பு மேடையில் அதே பொட்டலம். என் முடிச்சு, அதற்கு மேலே அவர்கள் ஸ்டிக்கர், அனுப்பியவர் என்று உன் பெயர். அப்பா பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். அதைப் பிடுங்கிவிட்டுக் கேட்டால், பையன் மூணு மாசமா அனுப்புறான், நீ தோள்வலியோட தூக்கிட்டு வர வேணாம்னுதான், உன்கிட்ட சொல்லாதீங்கன்னான் என்று மென்று முழுங்கினார். சமையல் அவர் பொறுப்பு ஆனதிலிருந்து பருப்பு டப்பா ஏன் குறையவே இல்லை என்று நான் கேட்டபோதெல்லாம், ரெண்டு பேர் எவ்வளவுதான் சாப்பிடப்போறோம் என்று மழுப்பியது இதற்குத்தான். முப்பது வருஷமாகத் தெருவுக்கே நிறுத்துக் கொடுக்கிற எனக்கு நானே கொசுறு போட்டு அனுப்பியிருக்கிறேன். உன் பாசம் எனக்குப் புரியாமல் இல்லை கண்ணு. ஆனால் கூட்டத்தில் பார்த்த அந்த அம்புக்குறிக்குள் என் சமையலறையும் இருக்கிறது, அதுதான் தொண்டைக்குள் இறங்க மாட்டேன் என்கிறது. கையெழுத்தெல்லாம் போடவில்லை. அந்தக் காகிதத்தில் மிளகு மடித்து எதிர்வீட்டு டீச்சரிடம் கொடுத்துவிட்டேன்.

பருப்பு நன்றாகக் குழைய வெந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன், என் சரக்கு அல்லவா. வேளைக்குச் சாப்பிடு, மருமகளையும் வேலை வேலை என்று அலையவிடாதே, குழந்தைக்கு என் முத்தம், மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். மாதா மாதம் வருகிற அந்த ஆர்டரை இன்றைக்கே நிறுத்து, மறந்துவிடாதே. அம்மாவுக்கு ஏதாவது அனுப்ப வேண்டும் என்று தோன்றினால் கடைக்குப் போன் பண்ணு, நானே நிறுத்துக் கட்டி, நானே தூக்கிக்கொண்டு வருகிறேன். கடை நம்பர் மாறவில்லை.

இப்படிக்கு,
கடையிலிருந்து,
உன் அம்மா