டின்னர் செட்

உங்களுக்கு,

டின்னர் செட்டைக் கேட்டு உங்கள் அம்மா ஃபோன் செய்தார். "ரெண்டு பேருக்கும் செட் ஆவலன்னு ஆயிடுச்சி, எங்க ஊட்டுப் பொருள் இன்னாத்துக்கு அங்க?" என்றார். கல்யாணத்துக்கு வந்த பெட்டியை நாம் பிரிக்கவே இல்லை. அப்படியே இருக்கிறது.

கல்யாணமான மூன்றாம் மாதமே நீங்களும் 'செட் ஆகவில்லை' என்றுதான் சொல்லிவிட்டுத் திருவேற்காட்டுக்கு, உங்கள் அம்மா வீட்டுக்குப் போனீர்கள்.

எனக்கு நாள் முழுக்க இந்தச் சொல்தான். டிபனுக்கு செட் தோசை. எதிர்வீட்டுக்காரருக்குப் பல் செட். மண்ணூர்பேட்டை கம்பெனியில் காலையில் மெஷினை செட் பண்ணுவது என் வேலை. முதல் பீஸ் பெரும்பாலும் அளவு தப்பித்தான் வரும். அதற்காக யாரும் செட் ஆகவில்லை என்று எழுந்து போவதில்லை. அதை ஓரமாக வைத்துவிட்டு, டூலைக் கொஞ்சம் நகர்த்தி, அடுத்ததை ஓட்டிப் பார்ப்போம்.

உங்கள் வக்கீல் அனுப்பிய விவாகரத்துத் தாள்கள் வந்து சேர்ந்தன.

டின்னர் செட்டை வாங்க ஞாயிற்றுக்கிழமை நீங்களே வாருங்கள், உங்கள் தம்பியை அனுப்ப வேண்டாம். மத்தியானம் சோறும் வஞ்சிரம் குழம்பும் இருக்கும். பெட்டியைப் பிரித்து அந்தத் தட்டுகளில்தான் பரிமாறுவேன். சாப்பிட்ட பிறகும் வேண்டுமென்றால் கழுவித் தருகிறேன், எடுத்துப் போங்கள்.

இப்படிக்கு,
இன்னும் கையெழுத்துப் போடாதவள்