கல் நாயின் வாய்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தூறல். தக்காளி வரத்து குறைவு. வந்ததிலும் பாதி வெடிப்பு. மண்டி முழுக்க ஈரம், ஈ.

கரியா எழவில்லை. பின்னங்கால் இரண்டும் இழுக்கிறது. கோலார் லாரியில் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே வந்த நாய்க்குட்டி. அன்றிலிருந்து என் தராசுக்குப் பக்கத்தில்தான் படுக்கை. பன் கொடுத்தேன். முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

மதியம் மாட்டு டாக்டர். டிஸ்டம்பர் நோயாம். பெங்களூரில் மருந்து இருந்தால் இப்போதே ஆள் அனுப்புகிறேன், விலை பார்க்க வேண்டாம் என்றேன்.

"இதுக்கு மருந்தே இல்லீங்கண்ணா. இருந்தா நான் எழுதமாட்டனா?"

பேரத்துக்கு இடமில்லாத இடத்தில் எனக்குப் பேச்சு வருவதில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

வெயில். வாங்க வேண்டியது: கயிறு, தார்ப்பாய், கரியாவுக்குப் பழைய சாக்கு. சென்னை பார்ட்டிக்கு போன்.

கரியாவுக்கு முகம் வெட்டி வெட்டி இழுக்கிறது. லோடுமேன் ஒருவன் கன்னடத்தில் ஏதோ சொல்ல, இன்னொருவன் சிரித்தான். திட்டிவிட்டேன். பிறகு சிரித்தவனே பால் வாங்கி வந்தான். குடிக்கவில்லை.

வீட்டில் சரோஜா: "டாக்டரு கைவிட்டா என்ன, வேடியப்பன் இருக்கான். கல்லு நாய்க்கு வெண்ண பூசிட்டு வாங்க."

எங்கள் ஊர்ச் சாமி வேடியப்பனின் கல்லில் ஒரு ஆள் புலியைக் குத்துகிறான். அவன் காலடியில் ஒரு நாய், புலியின் பின்னங்காலைக் கவ்வியபடி. காலேஜ் ஆட்கள் நடுகல் என்று படம் எடுத்துப் போனார்கள். மாடோ நாயோ படுத்துவிட்டால் அந்த நாயின் வாயில் வெண்ணெய் பூசுவது ஊர் வழக்கம். பூசிப் பூசி வாய் மட்டும் வழவழப்பு. அப்பா எருமைக்காகப் பூசினார். பிழைத்ததா, நினைவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையிலேயே கோயில். வெண்ணெய் இலையில்.

கும்பாபிஷேகத்துக்கு அங்கே தரைக்கு கிரானைட் கொடுத்தவன் நான். சனங்கள் சேற்றில் நிற்கக்கூடாது என்று. கும்பாபிஷேகத்தன்று மாலையும் துணியும் மறைத்திருந்தன. இன்றுதான் கல்லைச் சரியாகப் பார்க்கிறேன். தரை ஒரு முழம் ஏறியிருக்கிறது. ஆளுக்கு முழங்காலுக்குக் கீழே இல்லை. புலிக்குப் பின்னங்கால் இல்லை. நாயே இல்லை.

பூசாரி அண்ணன் சொன்னார்: "நீதானப்பா மேஸ்திரிகிட்ட நல்லா ஒசத்திப் போடச் சொன்ன."

சொன்னேன்தான்.

ஒரு கிரானைட் பலகையை மட்டும் பெயர்க்கலாமா என்று கேட்டேன். கும்பாபிஷேகம் ஆன இடத்தில் உளி படக்கூடாதாம். ஊரைக் கூட்டிக் கேட்க வேண்டுமாம். அதுவும் ஆடி கழியட்டுமாம். அதுவரை கரியா தாங்காது.

நாய் இருக்கும் இடத்தைக் குத்துமதிப்பாகப் பார்த்து, கிரானைட் மேலேயே தடவினேன். நான் செருப்பு மாட்டும்போது அண்ணன் ஈரச் சாக்கால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கோச்சுக்காதப்பா. பொம்பளைங்க வர்ற எடம். வழுக்கிரும்."

ஆகஸ்ட் 8, வெள்ளி

மழை. சரக்கு பரவாயில்லை.

இலையில் மிச்சமிருந்த வெண்ணெயைக் கரியா வாயிலேயே பூசினேன். நாக்கு வெளியே வரவில்லை. கண் மட்டும் என் கை போகும் பக்கம் வருகிறது.

டாக்டர் போன். ஊசி போட்டு வலியில்லாமல் அனுப்பிவிடலாமா என்று கேட்டார். சென்னை லோடு ஏறட்டும், சொல்கிறேன் என்றேன்.

லோடு ஏறிவிட்டது.