பெட்டி எண் 14-இல் உள்ள மேலங்கியை அணிந்திருந்தவர் பெயர்

அனுப்புநர்:
அபெலார்தோ சான்வேசா,
ஓய்வுபெற்ற துறைமுக எழுத்தர்,
17, மேட்டுப் படிக்கட்டுத் தெரு,
புவெர்த்தோ கல்மா, சிலி.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
நகர வரலாற்று அருங்காட்சியகம்,
புவெர்த்தோ கல்மா.

பொருள்: கண்ணாடிப் பெட்டி எண் 14 – தீயணைப்பு வீரர் மேலங்கி – பெயர்ப் பலகையைத் திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. தங்கள் புதிய காட்சிக்கூடத்தை நேற்றுப் பார்வையிட்டேன். பெட்டி எண் 14-இல் கருகிய மேலங்கி ஒன்று உள்ளது. 1961 கிடங்குத் தீவிபத்தில் அதை அணிந்தபடி உயிர்நீத்த தன்னார்வ வீரர் அபெலார்தோ சான்வேசா என்று பலகை கூறுகிறது. அந்த அபெலார்தோ சான்வேசா நான்தான். பிழை என்னுடையதாக இருக்கலாம் என்று மூன்று முறை படித்தேன்.

2. மேலங்கி என்னுடையதே. கழுத்துப் பட்டையின் உட்புறம் பெயரைத் தைத்தவர் என் தாயார். அணிந்து இறந்தவர் நிபால்தோ ஒயார்சுன், வயது இருபத்திரண்டு, ரொட்டிக்கடை ஊழியர். அன்று பிற்பகல் சங்கு ஊதியதும் மாவுக் கையோடு நிலையத்துக்கு ஓடிவந்தார். முந்தைய நாள் பயிற்சியில் நனைந்த அவருடைய மேலங்கி காயவில்லை. "உன்னோடத நான் போட்டுக்கறேன்டா. நீ பொத்தான் மாட்டறதுக்குள்ள தீயே அணைஞ்சிரும்" என்று என் கொக்கியிலிருந்ததை எடுத்தார். நான் தலையசைத்தேன். மேலங்கி இல்லாதவர் உள்ளே போகக் கூடாது என்பது விதி. வெளியே நின்று குழாயைப் பிடித்தேன். தலையசைத்தது நட்பினாலா, அச்சத்தினாலா என்பதை ஐம்பத்தெட்டு ஆண்டுகளாகத் தீர்மானிக்க இயலவில்லை. அது இம்மனுவின் வரம்புக்குள் வராது.

3. நுழைவுச் சீட்டு வழங்கும் திருமதி மரிட்சாவிடம் முறையிட்டேன். "பலகைப்படி நீங்க செத்து அம்பத்தெட்டு வருஷம் ஆச்சே ஐயா! செத்தவங்க புகார் குடுக்க எங்ககிட்ட படிவம் இல்லியே" என்று சிரித்தார். அடையாள அட்டையைக் கண்டதும் நாற்காலி தந்தார். எழுதித் தரச் சொன்னவரும் அவரே. அவர்மீது எனக்குக் குறையில்லை.

4. வரும் சனிக்கிழமை நினைவு நாள். வழக்கம்போல் மாண்டவர் பெயர் அழைக்கப்படும். கூடியிருப்போர் அவர் சார்பில் "ஆஜர்" என்பர். இவ்வாண்டு நிகழ்ச்சியைத் தங்கள் அருங்காட்சியகமே பெட்டியின் முன் நடத்துவதால், பலகையைப் பார்த்து நிரலிலும் என் பெயரையே அச்சிட்டுள்ளனர். நிபால்தோவின் தங்கை எதுவினா முதல் வரிசையில் அமரவிருக்கிறார். எழுபத்தெட்டு வயது. பார்வை போய்விட்டதால் பலகையைப் படிக்க மாட்டார். காது நன்றாகக் கேட்கும்.

ஆகவே சனிக்கிழமைக்குள் பலகையைத் திருத்த வேண்டுகிறேன். அவகாசம் போதாதெனில், அழைக்கும் பெயரையாவது மாற்றுங்கள். நான் கூட்டத்தில் பேசிப் பழகியவன் அல்லன். எனினும் என் பெயரை அழைத்தால், எதுவினா முன்னிலையில் நானே எழுந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இணைப்பு: அன்றைய பணிப் பதிவேட்டின் நகல், நிபால்தோவின் இறப்புச் சான்று நகல், என் அடையாள அட்டை நகல்.

தங்களுக்குச் சிரமம் தருவதற்கு வருந்தும்,
(ஒப்பம்) அபெலார்தோ சான்வேசா

இடம்: புவெர்த்தோ கல்மா
நாள்: 4 செப்டம்பர் 2019