அந்தோணியின் பிளாஸ்டிக் கோப்பு

என் பிரியத்துக்கும் எரிச்சலுக்கும் சரிபாதியாகப் பாத்தியப்பட்ட மாப்பிள்ளை அந்தோணிக்கு,

நலம் விசாரிக்க முடியாத கடிதம் இது. அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். இலுப்பூர் கடையில் உன் கம்ப்யூட்டர் போய்விட்டது. ஒரு மின்னல் வெட்டியதில் மதர்போர்டு கருகிவிட்டது, ஹார்ட் டிஸ்க் மட்டும் பிழைத்தது. நான்தான் கழற்றினேன். உள்ளே நீ சேர்த்து வைத்திருந்த தூசியைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுதலாம்.

ஸ்டெல்லாதான் போன் செய்தாள். "அண்ணே, நம்ம மிஷின் எந்திரிக்க மாட்டேங்குது. வேல முடிஞ்சு போகையில இங்கிட்டு வந்துட்டுப் போறீங்களா?" நீ போன பிறகு கடையை உன் பெண்டாட்டிதான் நடத்துகிறாள் என்று உனக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்? நான் சொல்கிறேன். நேரத்துக்குத் திறக்கிறாள். உன்னை மாதிரி டீக்குப் போனால் டீக்கடையிலேயே குடியிருப்பதில்லை.

கடைக்கு வருகிறவர்கள் மாறவில்லை. பட்டா, சாதிச் சான்றிதழ், பயிர்க் காப்பீடு என்று எதையாவது படமெடுத்து அரசாங்க இணையதளத்தில் ஏற்றச் சொல்லி வருகிறார்கள். நம் ஜனங்களுக்குத்தான் கையில் ஒரு காகிதம் கிடைத்தால் முதல் வேலை அதற்கு லேமினேஷன் போடுவதாயிற்றே. கரையான் தின்னக் கூடாது, மழையில் நனையக் கூடாது, பீரோவில் பத்திரமாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக்குக்குள் போன காகிதத்தைப் படமெடுத்தால் நடுவில் டியூப்லைட் வெளிச்சம் கோடாக விழும். கம்ப்யூட்டரோ பிளாஸ்டிக்கின் விளிம்பையே காகிதத்தின் விளிம்பு என்று நினைத்துக்கொண்டு கோணலாக வெட்டும். இணையதளம் தெளிவாக இல்லை என்று திருப்பிவிடும்.

இதற்கு நீ ஒரு வழி செய்து வைத்திருந்தாய். எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றிக்கொள்ளுங்கள் என்று இலவசமாக விட்டிருக்கிற புரோகிராம் தொகுப்பு, பட லைப்ரரி ஒன்று. படத்தைத் திறக்கவும் நேராக்கவும் வெட்டவும் அதற்குத் தெரியும். லேமினேஷன் மட்டும் தெரியாது. அதைச் சொல்லிக் கொடுக்கிற ஒரு கோப்பை நீ எழுதி உள்ளே செருகியிருந்தாய். அதற்குப் பெயரும் பிளாஸ்டிக் என்றே வைத்திருந்தாய். யோசித்துப் பெயர் வைக்கிற பழக்கம்தான் உனக்குக் கிடையாதே.

செகண்ட் ஹேண்டில் ஒரு மிஷின் வாங்கிக் கொடுத்தேன். அதில் இந்த லைப்ரரியை ஏற்ற வேண்டும். ரெடிமேடாகக் கிடைப்பதைப் போட்டால் உன் கோப்பு அதில் இருக்காது. துணி எடுத்துத் தைப்பது போல, அவர்கள் எழுதிய மூல நிரலை இறக்கி, உன் கோப்பையும் சேர்த்து, நாமே கட்டியாக வேண்டும். எனக்கு மிஷினைக் கழற்றி மாட்டத்தான் தெரியும். இதெல்லாம் உன் வேலை. பாலிடெக்னிக்கிலேயே அப்படித்தானே பிரித்துக்கொண்டோம்?

உன் டிஸ்க்கில் இருந்த குறிப்பைப் பார்த்து வரிவரியாக அடித்தேன். மிஷின் நெடுநேரம் உறுமியது, மின்விசிறி சூடாக ஊதியது, கடைசியில் எல்லாம் முடிந்தது என்று காட்டியது. ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுப் பெருமையாக ஒரு போட்டோவைத் திறந்தேன். இது என்ன வகைக் கோப்பு என்றே தெரியவில்லை என்றது. பட லைப்ரரிக்குப் படம் திறக்கத் தெரியவில்லை. போட்டோக்களைப் படிப்பதற்கான துணைப் பொட்டலம் ஒன்றை முன்னதாகவே போட்டிருக்க வேண்டுமாம். அது இல்லாவிட்டால் லைப்ரரி சண்டை எதுவும் பிடிக்காது, அந்த வித்தையைக் கற்றுக்கொள்ளாமலே பேசாமல் கட்டி முடித்துவிடும். நீ இருந்தால், "ஆரம்பத்துல அது என்னென்ன இருக்கு, என்னென்ன இல்லன்னு ஒரு பட்டியல் காட்டுமே, அதப் படிச்சியா மச்சான்?" என்று கேட்டிருப்பாய். படிக்கவில்லை. யார் படிக்கிறார்கள்?

அதையும் போட்டு மறுபடி கட்டினேன். இந்த முறை உன் கோப்பில் வந்து நின்றது. நீ பயன்படுத்தியிருந்த சில கட்டளைகளைப் புதிய பதிப்பில் எடுத்துவிட்டார்கள். பழைய பதிப்பையே போட வேண்டியதுதானே என்பாய். அதையும் செய்து பார்த்தேன். எழுதியதை மிஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றுகிற கம்பைலர் இருக்கிறதே, இந்த மிஷினில் அதுவும் புதுசு. உன் பழைய பதிப்பைப் பக்கம் பக்கமாகத் திட்டித் தீர்த்தது.

இதற்கிடையில் பக்கத்துக் கடை செல்போன்காரர், இடத்தைத் தனக்கு விட்டுவிடும்படி ஸ்டெல்லாவைக் கேட்டிருக்கிறார். அவள் ஒவ்வொரு படத்தையும் கையால் வெட்டி, கையால் வெளிச்சம் குறைத்து ஏற்றிக்கொண்டிருந்தாள். பாதி திரும்பி வந்தது. வருகிறவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேறு கடைக்குப் போனார்கள்.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேண்ணே. அதுக்குள்ள சரியாகலைன்னா கடையக் குடுத்துட்டு அறந்தாங்கிக்கு எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்" என்றாள். "அங்க போய் என்னம்மா பண்ணுவ?" என்றேன். "அக்கா என்ன சொல்லுதோ அதத்தான் பண்ணணும்" என்றாள். அதை அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

அதனால்தான் அந்த லைப்ரரிக்காரர்களின் இணையப் பக்கத்தில், உன் கோப்பையும் இணைத்து உதவி கேட்டு எழுதினேன். கோப்பில் உன் பெயரைப் பார்த்ததும் உன்னைத் தெரிந்த ஒருவர் உடனே பதில் போட்டார். அவர் எந்த நாடு என்று எனக்குத் தெரியாது. பனி விழுகிற ஏதோ ஓர் ஊர், பேச்சுவாக்கில் சொன்னார். முதலில், காகிதத்தை எதற்குப் பிளாஸ்டிக்குக்குள் வைத்து ஒட்டுகிறீர்கள் என்று கேட்டார். கரையானைப் பற்றி இங்கிலீஷில் விளக்கி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. பிறகு, இந்தக் கோப்பை அந்தோணியே திருத்திக் கொடுத்துவிடலாமே, அவர் எங்கே, கொஞ்ச நாளாகக் காணோமே என்று கேட்டார்.

நான் என்ன எழுதினேன் தெரியுமா மாப்ள? அவர் வெளியூர் போயிருக்கிறார் என்று எழுதினேன். ஏன் அப்படி எழுதினேன் என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கை எழுதிவிட்டது.

அந்த மனிதர் மரியாதையாகப் பதில் போட்டார். அவசரமில்லை, அவர் திரும்பி வரட்டும், அந்தக் கோப்பு அவரைவிட நன்றாக வேறு யாருக்கும் தெரியாது, அவர் இல்லாதபோது நாங்கள் அதில் கை வைப்பது சரியில்லை, காத்திருக்கிறோம் என்று. என் கேள்விக்குப் பக்கத்தில் 'காத்திருப்பில்' என்று ஓர் அடையாளமும் ஒட்டிவிட்டார்.

சொன்னால் கிண்டல் பண்ணுவாய். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. இந்த உலகத்தில் ஒரே ஓர் இடத்தில் ஒருத்தர் நீ திரும்பி வருவாய் என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வேலைக்கு நடுவில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். 'காத்திருப்பில்' என்று இருக்கும். மூடிவிடுவேன். ஸ்டெல்லா கேட்டால், "பாத்துக்கிட்டு இருக்காங்கம்மா, வந்துரும்" என்பேன்.

நீ காய்ச்சல் என்று திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போய் ஆம்புலன்ஸில் உன் ஊர் ஆவூருக்குத் திரும்பிய அன்றுகூட எனக்கு வேலைதான் இருந்தது. பந்தல், நாற்காலி, குளிர்பெட்டி, மாதா கோயிலுக்குத் தகவல், வெளியூர்க்காரர்களுக்குச் சாப்பாடு. எல்லாரும் என்னைப் பார்த்து, கருப்பையா இல்லாவிட்டால் காரியம் நடந்திருக்காது என்றார்கள். காரியம் நடந்தது வாஸ்தவம்தான்.

மாதம் முடியப் போகிற ஒரு மத்தியானம். கடையில் ஆள் இல்லை. "அவுங்க என்னதான் சொல்றாங்கன்னு எனக்கும் காட்டுங்கண்ணே" என்று ஸ்டெல்லா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மறைக்க நேரம் கிடைக்கவில்லை. அவளுக்கு உன்னைவிட நல்ல இங்கிலீஷ். நிதானமாகப் படித்தாள்.

"எங்க போயிருக்காருன்னு எழுதியிருக்கீங்க?"

"வெளியூர்."

"எந்த ஊருண்ணே?"

நான் மவுஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"தெனமும் யாராச்சும் ஒருத்தர் வந்து, அந்தோணி எங்கம்மா, ஆளையே காணோம்னு கேக்குறாங்க. நானும் ஒவ்வொரு தடவையும் வாயத் தொறந்து சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க ஒரே ஒரு ஆளுக்குச் சொல்ல மாட்டீங்களா?"

அவள் கீபோர்டை என் பக்கம் தள்ளினாள். "நீங்க எழுதுறீங்களா, நான் எழுதட்டா?" என்று கேட்டாள்.

நானே எழுதினேன். அந்தோணி வெளியூர் போகவில்லை, இறந்துவிட்டார், நான் அவருடைய நண்பன், முன்பு எழுதியது பொய், மன்னிக்கவும். இவ்வளவுதான் எழுத வேண்டியிருந்தது. இதற்கு நான் எடுத்துக்கொண்ட நேரத்தில் அந்த லைப்ரரியை மறுபடி ஒரு தரம் கட்டியிருக்கலாம். நீ செத்துப் போய்விட்டாய் என்று என் கையால் எழுதியது அதுதான் முதல் தடவை. அனுப்பிவிட்டுத் திரும்பினால் ஸ்டெல்லா அங்கே இல்லை. வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது. அந்த மனிதர் அதிகம் எழுதவில்லை. ஆரம்பத்தில் தனக்கு ஒன்றும் தெரியாதபோது நீதான் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாயாம். பொறுமையாக என்ற வார்த்தையைப் பார்த்ததும் வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்தேன். கடையின் நிலைமையையும் கேட்டு எழுதியிருந்தார், சொன்னேன். அன்று சாயங்காலமே உன் கோப்பைத் திருத்தி அனுப்பிவிட்டார். நீ எழுதியதில் பெரும்பகுதியைத் தொடவில்லை. மாறிப்போன கட்டளைகளை மட்டும் மாற்றியிருந்தார்.

அடுத்த நாள் கட்டினேன். இந்தத் தடவை ஆரம்பத்தில் வந்த பட்டியலை ஒரு வரி விடாமல் படித்தேன். உறுமி முடித்தது. எங்கும் நிற்கவில்லை. லேமினேஷன் போட்ட காகிதம் ஏதாவது இருந்தால் கொடும்மா, பார்த்துவிடலாம் என்றேன். ஸ்டெல்லா தன் பையைத் திறந்து ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். உன் இறப்புச் சான்றிதழ்.

"கசங்கிப் போயிரும்னு நாந்தான் போட்டேன்" என்றாள். "வாரிசுச் சான்றிதழுக்கு இதத்தான் ஏத்தணும். ஏத்துனா தெளிவா இல்லைன்னு திருப்பிக்கிட்டே இருக்காங்க."

படமெடுத்துப் பொத்தானை அழுத்தினேன். நீ எழுதி வைத்த பிளாஸ்டிக் கோப்பு, பிளாஸ்டிக்கை விட்டுவிட்டுக் காகிதத்தின் நான்கு மூலையையும் சரியாகப் பிடித்தது. நேராக்கியது. வெளிச்சக் கோட்டை எடுத்தது. இறந்தவர் பெயர் என்ற இடத்தில் ஆ. அந்தோணி என்று கறுப்பாக, பளிச்சென்று வந்தது. படிக்க முடியவில்லை என்று இனி எந்த ஆபீஸிலும் சொல்ல முடியாது.

"நல்லா வந்துருக்குண்ணே" என்றாள் ஸ்டெல்லா. டீ வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். டீக்கடைக்குப் பின்னால் நின்று அழுதேன். ஆவூரில் அழ வேண்டியது, இலுப்பூரில் ஆயிற்று.

சான்றிதழ் ஏறிவிட்டது. திருப்பவில்லை. இடம் கிடைக்காது என்று செல்போன்காரரிடம் ஸ்டெல்லாவே சொல்லிவிட்டாள். அவருக்கு வருத்தம்தான். அவருடைய பட்டாவையும் அவளிடம்தான் ஏற்றிக்கொண்டார்.

ஒரு சேதி பாக்கி. உன் கோப்பை அந்த லைப்ரரியிலேயே நிரந்தரமாகச் சேர்த்துக்கொள்கிறார்களாம். எழுதியவர் என்று உன் பெயர் இருக்கும். பழுது வந்தால் பதில் சொல்ல உயிரோடு இருக்கிற ஒருவரின் பெயரும் வேண்டும் என்றார்கள். என் பெயரைக் கொடுத்தேன். ஒன்றும் தெரியாமல்தான் கொடுத்தேன். நீ எழுதியதை இப்போது தினமும் கொஞ்சம் படிக்கிறேன். பாதி புரிகிறது.

நாளைக்கு எங்கிருந்தாவது ஒருத்தர் அந்தோணி எங்கே என்று கேட்டு எழுதுவார். அவர் இறந்துவிட்டார், உங்களுக்கு என்ன வேண்டும், என்னிடம் கேளுங்கள் என்று பதில் போடுவேன். உடனே போடுவேன் என்று மட்டும் சத்தியம் பண்ண மாட்டேன்.

உன் பெண்டாட்டிக்கு அண்ணனாகிப் போன வகையில்,
உன் மச்சான்
கருப்பையா