கட்டங்களுக்கு மேலே மாமாவின் முகம்

அன்புள்ள அப்பாவுக்கு,

அருள்மொழி வணக்கத்துடன் எழுதுவது. பெர்லினில் குளிர் ஜாஸ்தி, உடம்புக்கு ஒன்றுமில்லை. செம்மண்டலத்தில் நீங்களும் அம்மாவும் சௌக்கியமா?

கணினியிலுள்ள எழுத்துருக்களை ஒவ்வொரு முறையும் தேடாமலிருக்க, எங்கள் மென்பொருள் அவற்றின் விவரத்தை ஒரு கேஷ் கோப்பில் சேமித்து வைக்கும். அதைச் சிறியதாக்குவதுதான் என் வேலை. நேற்று சிதம்பரத்து பேனர் கடையொன்றிலிருந்து புகார் வந்தது: "தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வருது." பேனரையும் இணைத்திருந்தார்கள். திறந்து பார்த்தேன் அப்பா. கட்டங்களுக்கு மேலே நம் இளவரசு மாமாவின் போட்டோ!

கடையில் புது தமிழ் எழுத்துரு சேர்த்த பிறகும் கேஷ் பழையதாகவே இருந்திருக்கிறது; அதனால்தான் எழுத்துக்குப் பதில் கட்டங்கள். சரிசெய்து மறுபடி திறந்தேன். 'கண்ணீர் அஞ்சலி' என்று வந்தது.

உடனே அம்மாவுக்குப் போன் போட்டு, "மாமா எப்படிம்மா இருக்காரு?" என்று கேட்டேன்.

"அவருக்கென்ன, நல்லாதான் இருக்காரு. நீ சாப்ட்டியா?" என்றாள் அம்மா.

கூடப்பிறந்த தம்பியைப் பறிகொடுத்துவிட்டு எனக்காக அப்படிச் சொல்கிறாள். சாப்பிட்டாச்சு என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்துவிட்டதென்று நீங்களே அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். மாமா சிரிக்கிற போட்டோ ஏதாவது இருந்தால் அனுப்புங்கள். என்னிடம் அந்த பேனர் மட்டும்தான் இருக்கிறது.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகள்,
அருள்மொழி