தர்பைப் பொட்டலத்தில் ஒரு கை நாணல்

சின்ன காஞ்சிபுரம்
புரட்டாசி 4

சௌபாக்கியவதி லக்ஷணாவுக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. பெருமாள் கிருபையில் இங்கே நாங்கள் இருவரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், ஸ்வீடனில் நீயும் குளிருக்குப் பழகி சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குத் தபாலில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ அழுவாய், அழுகை கேட்டதும் உன் அப்பா போனைப் பிடுங்கிக்கொள்வார். கடிதமென்றால் நான் முடிக்கிறவரை நீ குறுக்கே பேச முடியாது.

மாடி இன்னும் ஒழுகுகிறது. ஆதிகேசவன் மாமா வந்து மறுபடியும் உன் ஜாதகம் கேட்டார், புல்லுக்கெல்லாம் வம்சாவளி போடுகிறவள் தன் கல்யாணத்தைப் பற்றி யோசிக்க மாட்டாளா என்று அவருக்கு ஒரே சிரிப்பு, நானும் சேர்ந்து சிரித்தேன். தர்பையைப் பற்றிய உன் ஆராய்ச்சிக் கட்டுரையை அவர்தான் அச்செடுத்துக் கொண்டுவந்தார். உன் அப்பா அதைக் கூடத்தில் விரித்துவைத்துப் படங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். புல்லுக்கு ஒரு வம்சாவளி மரம், அதில் உள்ள ஒவ்வொரு ஜீனுக்கும் ஒரு மரம், இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் விஷயமே இருக்கிறது என்று நீ வீடியோவில் விளக்கியதை அப்படியே எனக்குத் திருப்பிச் சொன்னார். தர்பையின் ஒன்பது ஜீன்கள் தம் இனத்தோடு சேராமல் நாணல் கிளையில் போய் உட்கார்ந்திருக்கின்றன, எப்போதோ புல்லிலிருந்து புல்லுக்குத் தாவியவை என்று சிவப்பில் வட்டம் போட்டிருந்தாயே, அதைத் தொட்டுக் காட்டி உன் அப்பா சந்தோஷமாகச் சொன்னார், "நாணல் இருக்கறதும் தெரிஞ்சுடுத்து பாரு, நான்தான் ஒரு கை சேர்த்தேன்."

அவரை உட்காரவைத்து விசாரித்தேன். தர்பை ஒரு பொட்டலம், நாணல் ஒரு பொட்டலம், பொடியாக நறுக்கிச் சென்னை லேபில் கொடுக்கச் சொல்லியிருந்தாய். அமாவாசையன்றுதான் தர்பை அறுக்கலாம், இன்னும் பதினோரு நாள் பொறு என்று அவர் கெஞ்சினார். அமாவாசையும் கிமாவாசையும் பாத்துண்டிருந்தா என் வேலை என்னாறது, இன்னிக்கே வேணும் என்று நீ கத்தினாய், அடுப்படி வரை கேட்டது. அதற்கு முந்தின அமாவாசைக்கு அறுத்துக் காயவைத்த தர்பையில் மிச்சம் தேவைக்கு ஒரு பிடி குறைவாக இருந்திருக்கிறது. ஓரிக்கைக்கு பஸ் ஏறிப் பாலாற்றங்கரையில் நாணல் அறுத்துவந்தவர், குறைந்ததற்கு அதிலேயே ஒரு கை எடுத்து நறுக்கிக் கலந்துவிட்டார். "பத்து வகை தர்பையிலே நாணலும் ஒண்ணுதானேடி, ஒண்ணு இல்லேன்னா இன்னொண்ணைப் போடலாம்னு சாஸ்திரமே சொல்றதே" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். முப்பது வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் சொல்லிக்கொடுத்த வாய், இருக்கவில்லை. எந்த ஜீனும் எங்கேயும் தாவவில்லை, உங்கள் பெண்ணின் பெரிய கண்டுபிடிப்பு நீங்கள் கலந்த ஒரு கைப் புல் என்று சொல்லிவிட்டேன். அவருக்குப் புரிய அரைமணி நேரம் ஆயிற்று. பன்னிரண்டு நாளாக மனுஷர் ஒருவேளைதான் சாப்பிடுகிறார். சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை.

உன்னையும் சும்மா விடப்போவதில்லை. ஒரு பொட்டலத்தை நம்பி உலகத்துக்கே அறிவித்தாயே, இன்னொரு தடவை வேறு இடத்துப் புல்லை வாங்கிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லையா? என் வகுப்பில் பத்தாவது ரேங்க் பெண்ணுக்குக்கூடத் தோன்றியிருக்கும். நிரந்தர வேலைக்கு ஐப்பசியில் இன்டர்வியூ என்றாய். அதற்கு முன்னால் கட்டுரை தப்பு என்று நீயே எழுதிக் கொடுத்துவிடு. வேலை போகும். போகட்டும். பொய்யான மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு எத்தனை வருஷம் கீழே பார்க்காமல் இருப்பாய்? ஐப்பசி முதல் தேதிக்குள் நீ எழுதாவிட்டால் நான் எழுதுவேன், உன் பேராசிரியர் விலாசம் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

இன்னொன்று. குற்றம் முழுக்கத் தன்னுடையது, மகளுக்கு ஒன்றும் தெரியாது, புல்லைக் கலந்தது தான்தான் என்று உன் அப்பா ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இதைக் காட்டினால் உன்னை விட்டுவிடுவார்கள் என்று அவருக்கு நம்பிக்கை. "என் பேரை எங்கே வேணும்னாலும் போட்டுக்கட்டும், கொழந்தை பேர் கெடக்கூடாது" என்று சொல்லி, இந்த உறைக்குள் வைக்கச் சொன்னார். நான் வைக்கவில்லை. கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டேன். அவசரப்படுத்தியது நீ, சரிபார்க்காதது நீ. எழுபது வயசுக்காரரை முன்னால் தள்ளிவிட்டு நீ தப்பிக்க வேண்டாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், அதை மனசாரத்தான் எழுதுகிறேன். ஐப்பசி முதல் தேதியை மறக்காதே. இந்தக் கடிதத்தை ரிஜிஸ்டர் பண்ண உன் அப்பாதான் தபால் ஆபீசுக்குப் போகிறார், வேஷ்டி மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறார். தன் காகிதம் இதற்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். வந்து சேர்ந்ததா என்று போனில் கேட்பார், சேர்ந்தது என்று சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
குமுதவல்லி பராங்குசம்